குடைக்கார அம்மச்சி

அம்மாவின் முதுகைப் பார்த்துச் சில நாட்கள் ஆகிவிட்டன என்பது லிபினுக்கு அந்த மழைப் பிற்பகலில்தான் உறைத்தது. உறைத்ததும் அவனுக்கு அவன்மேலேயே எரிச்சல் வந்தது. வேலை தலைக்குமேல் கிடக்கும்போது ஒருவனுக்கு யோசனை இப்படியா போகும். ஆனாலும் போயிற்று. வீட்டில் அம்மா என்பவள் பெரும்பாலும் முதுகுதான். அடுப்புக்கு முன்னால் நிற்கும் முதுகு, கிணற்றடியில் குனியும் முதுகு, ரப்பர் இலை உதிர்ந்த முற்றத்தைக் கூட்டும்போது வளையும் முதுகு, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் இடவழியில் அவனுக்கு முன்னால் குடையின் கீழ் நடக்கும் முதுகு. முகம் சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும் தெரியும். இப்போதோ கணினியிலிருந்து தலையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் முகம்தான் இருந்தது. ஹாலில், அடுக்களை வாசலில், ஜன்னலுக்கு வெளியே நனைந்த வாழைகளுக்கு நடுவில். சபைக்கு உடுத்தும் வெள்ளைப் புடவையில், லேசாகச் சிரித்தபடி, அவனைப் பார்த்து.

அந்தப் புடவையை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று காலையில் கேட்டிருந்தான். பதில் வந்ததா என்று நினைவில்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நிலையில் அவன் இல்லை.

அவனும் காஞ்சிரங்குளத்துக்காரன் அஜேஷும் சேர்ந்து செய்யும் கணினி விளையாட்டுக்கு ‘டபுள் பெல்’ என்று பெயர். இது மூன்றாம் பாகம். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது வந்த விளையாட்டுகளைப் போல வேண்டுமென்றே கட்டம் கட்டமாகத் தெரியும் சுவர்கள், அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோன்ற தட்டையான ஆட்கள், திரையின் அடியில் ஆயுதத்தோடு நீட்டியிருக்கும் ஒரு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் தாசையன், நெய்யாற்றின்கரையிலிருந்து மாநில எல்லைக்குப் போகும் கடைசி பஸ்ஸின் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமல் ஏறும் பேய்களை அவன் டிக்கெட் மெஷினால் சுடுவான், தோல்பையைச் சுழற்றி அடிப்பான், விசில் ஊதிச் சிதறடிப்பான். சுடும்போது ஏதாவது நக்கல் பேசுவான். அடி விழும் ஒவ்வொரு தடவையும் பஸ் மணி ‘டிங்’ என்று அடிக்கும். நக்கல் பேசும் குரல் லிபினுடையது. முதல் இரண்டு பாகங்களுக்கும், இந்தப் பாஷையே தெரியாத ஊர்களில் இருப்பவர்கள்கூடத் திரையின் கீழே வரும் எழுத்தைப் படித்துச் சிரித்தார்கள். பேய்களாக நின்றவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள். டீக்கடை மோகனன் தலையில்லாத பேயாக நின்றதை இன்றும் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் பாகத்துக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்று நாலு திசையிலும் ஆட்கள் இருந்தார்கள். நக்கல் பழசாகிவிட்டது, பேய்கள் அலுத்துவிட்டன என்று அவர்கள் மரியாதையாகவே எழுதினார்கள். அந்த மரியாதைதான் லிபினுக்குப் பொறுக்கவில்லை. எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். இரவு முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்த ஒரு நக்கல் காலையில் செத்த எலிபோலக் கிடந்தது. வீட்டில் பேசுவதை நிறுத்தினான். அவனுடைய மௌனம் கதவுக்கு வெளியே வரை நீண்டு கிடப்பதைப் பார்த்துத்தான் அம்மா, ராஜபாய், போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் புடவையை மாற்றாமல் கதவருகே வந்து நின்று, பேயாக நிற்கத் தானும் வருவதாகச் சொன்னாள். இரண்டு பாகங்களுக்கும் மாட்டேன் என்றவள். அதெல்லாம் கர்த்தருக்குப் பிரியமில்லாத காரியம் என்றவள்.

அவன் ஹால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எட்டுப் பக்கமும் கோடு இழுத்தான். அந்த மாதிரி விளையாட்டில் ஓர் ஆளை எட்டுப் பக்கத்திலிருந்தும் படம் எடுப்பது முறை. விளையாடுபவன் சுற்றி வரும்போது அந்தந்தப் பக்கத்துப் படம் தெரியும். முன்பக்கம் எடுத்து முடித்தான்: நிற்பது, வலது கால் வைப்பது, இடது கால் வைப்பது, குடையை ஓங்குவது, வாயைத் திறந்து அலறுவது. அலறச் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பேசுவதற்கு ஒரு வரி கொடுத்தான். “மோனே, எனக்க ஸ்டாப்பு வந்தாச்சா?” அதையும் பதிவு செய்துகொண்டான். அப்போது கரண்ட் போயிற்று. மழை இருட்டு. பாதியில் நின்ற வேலையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆத்திரமாக வந்தது. போதும் என்றான்.

“பின்னால எடுக்கலியா மக்கா?” என்று அம்மா கேட்டாள். “கொண்டையெல்லாம் எடுப்பா கெட்டி வச்சிருக்கேன்.”

“அது யாரும் பாக்கப் போறதில்லம்மா. எப்பவும் முன்பக்கமே தெரியும்படி செஞ்சிருலாம்.”

அவள் வட்டத்துக்குள் இன்னும் சற்று நேரம் நின்றாள். அவன் அதற்குள் அறைக்குப் போய்விட்டிருந்தான்.

அன்றிரவே அந்த ஒரே பக்கத்தை வைத்துக் குடைக்கார அம்மச்சியைச் செய்து முடித்தான். விளையாடுபவன் எங்கே நின்றாலும் அவள் அவனைப் பார்த்தே இருப்பாள். விலகிப் போகும்போதும் முகம் இந்தப் பக்கம்தான். சோம்பேறித்தனம் என்று பார்க்காமல் பார்த்தால் அதிலும் ஒரு சிரிப்பு இருந்தது.

இப்போது, மழை ஓட்டில் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருக்க, பக்கத்துப் புரையில் ரப்பர் ஷீட் உலரப் போட்ட புகை ஈரக்காற்றில் எழ முடியாமல் ஜன்னல் வழியே புளித்த வாசனையோடு உள்ளே தவழ, அவன் அடுக்களை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அம்மா அங்கே நின்றாள். பிறகு உள்ளே போனாள். அவனைப் பார்த்தபடியே போனாள். வலது கால், இடது கால். கைகள் ஆடவில்லை. அவளுடைய தேய்ந்த ரப்பர் செருப்பு தரையில் சப்பு சப்பென்று அடிப்பதை வைத்துத்தான் அவள் வீட்டில் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்கு எப்போதும் தெரியும். அந்தச் சத்தம் இல்லை. அடுக்களைப் படி உயரமானது. பழகியவர்களும் அதில் காலை இடித்துக்கொள்வார்கள். அம்மா பின்னால் திரும்பிப் பார்க்காமல் அந்தப் படியைத் தாண்டி, இருட்டுக்குள் முகம் சிறிதாகிக்கொண்டே போனாள்.

போன் அடித்தது. அஜேஷ்.

“எலே லிபினே, நீ அம்மச்சிய எடுத்து மாத்தினியா?”

இல்லை என்றான் லிபின். ஆள் அங்கே இல்லை என்றான் அஜேஷ். காலையில் எல்லாருக்கும் அனுப்பிய பிரதியில், மூன்றாவது கட்டத்தில், அவள் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. நீதான் ஏதோ கை வைத்திருப்பாய் என்றான். நீதான் கெடுத்திருப்பாய் என்றான் லிபின். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு லிபின் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்களைத் திறந்தான்.

சாக்பீஸ் வட்டம் இருந்தது. சுவரில் சபைக் காலண்டர் இருந்தது. வட்டத்தில் யாரும் இல்லை. எந்தப் படத்திலும் இல்லை. குடை ஓங்கிய படத்தில் குடையும் இல்லை.

மேசையைக் கையால் அடித்தான். பின்னணியை நீக்குவதற்குப் பதிலாக ஆளை நீக்கியிருக்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். தூங்காத கண்ணோடு வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். ஒரு நாள் வேலை போயிற்று. மறுபடி எடுக்க வேண்டும்.

“அம்மா, ஒருதடவ கூடி வந்து நில்லுங்க,” என்று ஹாலுக்கு வந்தான். அம்மா ஏற்கெனவே வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஈரத்தில் சாக்பீஸ் கலைந்திருந்தது. இந்தத் தடவை பின்பக்கம் முதலில் எடுத்துவிடலாம், திரும்புங்கள் என்றான். அம்மா திரும்பவில்லை. சிரித்தாள். கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னான். பொறுமை இழந்து, தானே அவளுக்குப் பின்னால் போகலாம் என்று சுவரோரமாகச் சுற்றினான். காலண்டர், ஜன்னல், தையல் மெஷின், கதவு. சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தான். வழி முழுக்க அவள் முகம் அவனுக்கு நேராகவே இருந்தது. அவள் காலைப் பார்த்துக்கொண்டுதான் சுற்றினான். கால் அசையவில்லை.

நெஞ்சில் எதுவோ வழுக்கியது. அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டான். “வெளையாடாதீங்கம்மா,” என்றான். குரல் தணிந்து வந்தது.

அவள் கையைத் தொட்டுப் பார்க்கலாம். ஓரடி முன்னால் வைத்தான். வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டான்.

கொல்லைப்புறக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் மனைவி ஜெஸ்னா எழுந்துவிட்டாள். நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். இந்த வாரம் இரவு டியூட்டி, பகலில் தூக்கம். கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு அடுக்களை வழியாக வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஹால் வாசலில் நின்றாள். நடுவில் அம்மா. இந்தப் பக்கம் லிபின்.

“இந்தச் சேலைய இன்னும் மாத்தலியா மாமி?” என்றாள் ஜெஸ்னா. அப்புறம் லிபினிடம் புகார்போலச் சொன்னாள். இந்த வாரம் முழுக்க மாமி அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். டியூட்டி முடிந்து வந்து அவள்தான் சோறு வைக்கிறாளாம். உங்களுக்கு அது தெரிந்ததா, நீங்கள்தான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதில்லையே என்றாள்.

லிபின் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “ஜெஸ்னா, அம்ம இப்ப யாரப் பாக்காவ?”

“இது என்ன கேள்வி. என்னயத்தான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. மூஞ்சி தெரியுதா?”

“மூக்குக்கு நேரா நிக்காவ. சிரிக்காவ. உங்களுக்கு என்ன ஆச்சு?”

அவனுக்கும் நேராக நின்றாள். அவனைப் பார்த்தும் சிரித்தாள்.

“மோனே, எனக்க ஸ்டாப்பு வந்தாச்சா?” என்றாள் அம்மா.

ஜெஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மாமிக்கும் உங்க வெளையாட்டு பிடிச்சுப் போச்சு ஆக்கும். இனி இந்த வீட்டுல நான் ஒருத்திதான் புத்தியும் சொபோதமுமா உண்டு.”

அவன் அவளை அறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னான். சொல்லும்போதே எல்லாம் உளறலாக மாறியது. முதுகு, படி, கால், படங்கள். அவள் நர்ஸ் பார்க்கும் பார்வையாக அவன் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டாள். அவன் கத்தினான். கத்தியது அவளுக்கு வசதியாகப் போயிற்று. கத்துகிறவன் சொல்வதை யாரும் கேட்க வேண்டியதில்லை. தலைவாரினாள், டிபன் பாக்ஸை எடுத்தாள், பஸ் தப்பிவிடும் என்றாள். “நாளைக்குக் காலம்பற பேசுலாம். இப்ப பைய படுங்க. வாறேன் மாமி.” குடை விரியும் சத்தம். கேட் சத்தம். இடவழியில் அவள் முதுகு வளைவு வரை தெரிந்தது. ஒரு முதுகைப் பார்ப்பதில் இவ்வளவு நிம்மதி உண்டு என்று அவனுக்கு இதுவரை தெரியாது. பிறகு அதுவும் மறைந்தது.

பொழுது சாயும் நேரம். விளக்குப் போட எழுந்திருக்க அவனுக்குத் தைரியமில்லை. அறைக்கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு மேசைக்கு வந்தான். மழை நின்றிருந்தது. வாழை இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். தூரத்தில் பாறசாலைப் பக்கம் ரயில். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி அஜேஷ். இந்தத் தடவை குரலில் உற்சாகம்.

“மக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? சூப்பர் ஆக்கும். வெளையாடுத பயலுவ சிரிச்சுச் சாவுதானுவ.”

எதைச் சொல்கிறாய் என்றான் லிபின். அஜேஷ் சொன்னான். கடைசிக் கட்டத்தில், இருட்டு டிப்போவில், ஒரு கிழவி. நடந்து போய்க்கொண்டே இருக்கிறாள். எத்தனை சுட்டாலும் விழுவதில்லை. அடி விழும்போதெல்லாம் எதையோ கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்று மட்டும் கீழே எழுத்து வரவில்லை, அதைச் சேர்க்க வேண்டும். யார் அதிகம் சுடுகிறார்கள் என்று விளையாடிப் பார்ப்பவர்களுக்குள் போட்டியே நடக்கிறது. மூன்றாம் பாகம் தப்பித்துவிட்டது என்றான் அஜேஷ். இத்தனை நாளுக்குப் பிறகு எல்லாரும் சிரிக்கிறார்கள்.

“அவ மூஞ்சி எப்பிடி இருக்கு?” என்று லிபின் கேட்டான்.

“மூஞ்சியா? அது எங்க தெரியுது. முதுகு மட்டும்தானே வச்சிருக்க.”

லிபின் விளையாட்டைத் திறந்தான். முந்தைய கட்டங்களைத் தாண்டி நேரே டிப்போவுக்குப் போனான். கட்டம் கட்டமான தூண்கள், எண்ணெய்க் கறை, வரிசையாக நிற்கும் பஸ்கள், எல்லாம் அவன் வரைந்தவை. திரையின் அடியில் தாசையனின் கை, டிக்கெட் மெஷினோடு. முதலில் சத்தம்தான் கேட்டது. சப்பு. சப்பு. சப்பு. தேய்ந்த ரப்பர் செருப்பு.

கடைசி பஸ்ஸைத் தாண்டி, வெள்ளைப் புடவை.

அவன் எடுக்காத படம் அது. எடுப்பாக வாரிக் கட்டிய கொண்டை. அதில் இரண்டு கருப்பு ஊசி. ரவிக்கையின் கழுத்துப் பக்கம் வியர்வை ஈரம். முழங்கால் வலியால் வலப்பக்கம் சாய்ந்து வைக்கும் நடை. அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து பின்தொடர்ந்து போன முதுகு.

வேகமாக நெருங்கினான். எதிரி கண்ணில் பட்டால் தாசையன் தானாகப் பேசுவான். பேசினான். லிபினின் குரலில்.

“ஏ அம்மச்சி, ஓசியிலயா போற? டிக்கெட் எடு, இல்லேன்னா எறங்கு.”

முதுகு நின்றது.

“மக்கா?”

அந்தக் குரலை அவன் பதிவு செய்யவில்லை.

“மக்கா, எங்க நிக்கிய? எனக்கு ஒண்ணும் தெரியல்ல.”

இங்கே என்று சொல்ல வேண்டும். பொத்தான் இல்லை. சுடலாம், அடிக்கலாம், விசில் ஊதலாம். ஆயுதத்தைக் கீழே போட ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்று அவனுக்கு மூன்று பாகங்களிலும் தோன்றியதில்லை. “அம்மா,” என்று திரையைப் பார்த்துச் சொன்னான். அறையில்தான் கேட்டது. அவளுக்கு முன்னால் போய் நிற்கலாம். சுற்றினான். கொண்டை, ஊசி, ஈரம். இன்னும் சுற்றினான். கொண்டை. எந்தப் பக்கம் போனாலும் கொண்டை. அவளும் திரும்ப முயல்கிறாள், அது தெரிந்தது; தோள் திரும்புகிறது, கழுத்து திரும்புகிறது, வந்து முடிவது மறுபடி முதுகில். கைகளை நீட்டித் துழாவினாள். அவனுக்கு எதிர்ப் பக்கமாக.

“டிக்கெட் எடு அம்மச்சி.”

“மக்கா, நீதானே பேசுதது?”

விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். அசையாமல் இருந்தான். அசையாமல் இருந்தால் தாசையன் பேசமாட்டான்.

டிங்.

வெள்ளை ரவிக்கையில் ஒரு சிவப்புக் கட்டம்.

அவன் சுடவில்லை. கைகள் நெஞ்சருகே இருந்தன. டிக்கெட் மெஷின் அசையவே இல்லை.

டிங். டிங்.

போனை எடுத்து அஜேஷிடம் நிறுத்து என்றான், எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கு, சுட வேண்டாம் என்று சொல். குரல் கீச்சிட்டது. அஜேஷ் சிரித்தான். “எப்பிடி வாங்க? எல்லாவனுக்கும் போயாச்சு மக்கா. ஆளாளுக்கு ஒரு காப்பி உண்டு.”

விளையாட்டை மூடினான். திரை மூடவில்லை. கரண்ட் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. பிடுங்கினால் அவள் இருட்டில் போய்விடுவாள். அவனுக்குத் தெரியாத இடத்தில் வைத்துச் சுடுவார்கள்.

டிங்.

திரையின் வெளிச்சத்தில் மேசையோரம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கதவு தாழ்போட்டபடிதான் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, எந்த முகம் எவ்வளவு அருகில் என்று. அதன் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

டிங். டிங். டிங்.

அவன் திரையை மட்டும் பார்த்தான். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்திருந்தது. ரவிக்கையில் வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. அவள் விழவில்லை. சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை குலுங்கி, அவன் இல்லாத திசையில் கை நீட்டிக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

“மக்கா. மக்கா. நீ எந்தப் பக்கம் நிக்கிய?”